வெள்ளுடை வேந்தர் ஏற்றிய அடுப்பு



கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சியைச் சேலம், நாமக்கல் வட்டாரத்துத் தோழர்கள் நன்கறிவர். மிளகுக்கும், சீரகத்துக்கும், மஞ்சளுக்கும் பேர்போன சந்தை ஊர் அது. அந்த வட்டாரத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளிலே காலை மணி அடிக்குமுன் அடுப்பு எரிகிறது. உப்புமாவோ, கிச்சடியோ, பொங்கலோ, சாம்பாரோடு தட்டுக்கு வருகிறது. தறிக்காரர் மகனும், கூலிக்காரர் மகளும், மலையிலிருந்து இறங்கி வந்த பழங்குடிக் குழந்தையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்கிறார்கள். உண்டபின் பாடம். பாடத்துக்குப் பின் பகலுணவு, முட்டையோடு!

இந்த அடுப்பை ஏற்றியவர் யார்?

காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், அறிஞர் அண்ணா பிறந்த நாளன்று, மதுரையில் தொடங்கப்பட்டது என்பதை ஊரறியும். அதற்கு முன் 1982-இல் சத்துணவு. அதற்கும் முன் 1956-இல் மதிய உணவு. இவையெல்லாம் பலர் சொல்லக் கேட்டவை. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால், வெள்ளையன் கொடி கோட்டையில் பறந்த நாளிலே, வாக்குரிமை என்பது பணக்காரர் வீட்டுப் பெட்டியிலே பூட்டிக் கிடந்த நாளிலே, ஏழைப் பிள்ளையின் வயிறும் பள்ளிக்கூடத்தின் பொறுப்பே என்று தீர்மானம் போட்டு நிறைவேற்றிய ஒருவர் இருந்தார். 1920-ஆம் ஆண்டு. சென்னை மாநகராட்சி. அந்த மனிதர், வெள்ளுடை வேந்தர் சர் பிட்டி தியாகராயர்.

அவருடைய பெயரைத் தியாகராய நகரிலே நாள்தோறும் பல்லாயிரவர் உச்சரிக்கிறார்கள். தி.நகர் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். துணி வாங்கப் போகிறவர்களுக்கும், நகை வாங்கப் போகிறவர்களுக்கும் அது கடைத்தெருவின் பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் யார், அவர் செய்தது என்ன என்பதைத் தொழிலாளத் தோழன் தெரிந்துகொள்ள வேண்டாமா? அதற்காகவே அவர் வாழ்வைச் சுருக்கிச் சொல்கிறேன்.

தறி வீட்டுப் பிள்ளை

1852-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் பிறந்தார் தியாகராயர். தெலுங்கு பேசும் தேவாங்கர் குலம். நெசவுத் தொழில் செய்வோர். ஆனால் தறியிலே குனிந்து கிடந்து கூலிக்கு ஏங்கும் குடும்பம் அன்று. வாணிபத்திலே வளம் கண்ட குடும்பம். மாநிலக் கல்லூரியிலே படித்தார். 1876-இல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவர்கள் அந்நாளில் அரசாங்க உத்தியோகத்துக்கு மனுப் போடுவது வழக்கம். இவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நெசவும், தோலுமாகத் தொழிலை வளர்த்தார். கைத்தறியிலே புது முறைகளைக் கொண்டுவர முனைந்தார். வடசென்னையின் வண்ணாரப்பேட்டை வட்டாரம் அவர் உழைப்பின் களம். உழைப்பாளர் நெருங்கி வாழ்ந்த அந்தப் பகுதியிலே பள்ளிக்கூடம் வளர அவர் துணை நின்றார். இன்று அங்கே பள்ளியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1950-இல் தோன்றிய கல்லூரியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1882-இல் சென்னை நகராண்மை மன்றத்தில் உறுப்பினரானார். அன்று தொடங்கி ஏறத்தாழ 40 ஆண்டு அந்த மன்றமே அவருடைய பாசறை. நகராண்மை வேலை என்றால் என்ன தோழர்களே? சாக்கடை, குடிநீர், குப்பை, தெருவிளக்கு, பள்ளிக்கூடம். மேடைக்கு மெருகூட்டாத வேலை. மாலை விழாத வேலை. ஆனால் மக்களின் உயிர் அங்கேதான் இருக்கிறது. காலராவும் பெரியம்மையும் சேரியிலே நுழைந்து ஆளை வாரிக்கொண்டு போன காலம் அது. எந்தத் தெருவிலே குழாய் இல்லை, எந்தக் குப்பத்திலே வடிகால் இல்லை, எந்தப் பள்ளியிலே பிள்ளைகள் இல்லை என்பதை மன்றத்து மேசையிலே நாற்பதாண்டு கேட்டவர் அவர். அந்தப் பழக்கமே பின்னாளில் ஓரணாச் சோற்றுக்கு வழி காட்டிற்று.

அவர் எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலைப்பாகை. இங்கிலாந்து அரசகுடும்பத்தார் சென்னைக்கு வந்தபோதும் மேல்நாட்டு உடை அணிய மறுத்து, தன் வெள்ளுடையிலேயே வரவேற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வெள்ளுடை வேந்தர் என்ற பட்டம் மக்கள் கொடுத்தது.

மூன்று பேர், இரு மருத்துவர்

தியாகராயர் தொடக்கத்திலே காங்கிரசுக்காரர். கோயிலுக்குக் கொட்டிக் கொடுத்த பக்தர். இதை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால் அள்ளிக் கொடுத்த கோயில் திருப்பணியிலேயே தமக்கு இடம் கீழேதான், தம்மிடம் வேலை பார்ப்பவருக்கு இடம் மேலே என்று கண்டபோது அவர் உள்ளம் கொதித்தது என்று நம் இயக்க மேடைகளிலே மூத்தோர் சொல்லி வந்துள்ளனர். செல்வருக்கே இந்த நிலை என்றால், செருப்புத் தைப்பவருக்கு என்ன நிலை?

அலுவலகங்களிலும் அதே கதை. 1912-இல் சென்னை மாகாணத்தில் மாவட்ட முன்சீப்புகள் 128 பேர் இருந்தார்கள். அவர்களில் 93 பேர், மக்கள்தொகையிலே நூற்றுக்கு மூவராக இருந்த ஒரே சாதியினர். எஞ்சிய மக்கள் அனைவரும் மிச்சமிருந்த 35 நாற்காலிகளைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்! இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் நீதிக்கட்சி.

அதைப் பெற்றெடுத்தவர்கள் மூவர். டாக்டர் நடேசனார் ஒரு மருத்துவர். டாக்டர் டி.எம்.நாயர் மற்றொரு மருத்துவர். மூன்றாமவர் தியாகராயர். நாயருக்கும் தியாகராயருக்கும் நகராண்மை மன்றத்திலே நெடுநாள் பூசல். எதிரெதிர் முகாம். அந்த இருவர் கையையும் பிடித்து ஒன்றாக இணைத்தவர் நடேசனார். வெளியூரிலிருந்து படிக்க வரும் பார்ப்பனரல்லாத மாணவர்களுக்குச் சென்னையிலே தங்க இடமில்லை, உண்ண விடுதியில்லை. உணவு விடுதிகள் அவர்களை உள்ளே விடா. அவர்களுக்காகத் திருவல்லிக்கேணியிலே திராவிடர் இல்லம் என்ற மாணவர் விடுதியை நடத்தியவர் நடேசனார். படிக்க வந்த பிள்ளைக்கு முதலில் ஒரு பாய், ஒரு தட்டுச் சோறு என்று எண்ணியவர். நம் இயக்கத்தின் முதற்பணியே மாணவர் நலப்பணிதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

1916-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் சென்னை வேப்பேரியிலே தலைவர்கள் கூடினர். தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றிற்று. அடுத்த திங்களிலே பார்ப்பனரல்லாதார் அறிக்கை தியாகராயர் பெயரில் வெளிவந்தது. 1917-இல் ஜஸ்டிஸ் என்ற ஆங்கில நாளேடும், திராவிடன் என்ற தமிழ் நாளேடும் பிறந்தன. அந்த ஆங்கில ஏட்டின் பெயரே கட்சிக்கு வழங்கும் பெயராயிற்று. டாக்டர் நாயர் உரிமை கேட்டு இலண்டனுக்குச் சென்றவர் 1919 சூலையில் அங்கேயே கண்மூடினார். சுமை முழுவதும் தியாகராயர் தோளுக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 67.

முதல்வர் நாற்காலி வேண்டாம்

1920 இறுதியில் தேர்தல். 98 இடங்களில் 63 இடங்கள் நீதிக்கட்சிக்கு. கவர்னர் வெலிங்டன், தியாகராயரை ஆட்சியமைக்க அழைத்தார். அவர் ஏற்கவில்லை. கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். அவருக்குப் பின் பனகல் அரசர். தியாகராயர் கட்சியின் தலைவராகவே இருந்தார். பதவிக்காகக் கட்சி மாறுவோர் பலரைக் கண்ட நாம், கையிலே வந்து விழுந்த பதவியைக் கட்சித் தோழருக்குக் கொடுத்தவரையும் காணவேண்டும்.

அந்த ஆட்சியிலேதான் 1921-இல் பெண்களுக்கு வாக்குரிமை. அந்த ஆட்சியிலேதான் 1921 செப்டம்பர் 16-ஆம் நாள் முதல் வகுப்புரிமை ஆணை. இந்த நாளை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், செப்டம்பர் 16. ஏனென்றால் சரியாக ஓராண்டுக்கு முன், 1920 செப்டம்பர் 16-ஆம் நாள்தான், இக்கட்டுரையின் உயிர்நாடியான தீர்மானம் நிறைவேறிற்று.

ஆயிரம் விளக்கிலே ஓர் அடுப்பு

தியாகராயர் அப்போது சென்னை மாநகராட்சியின் தலைவர். மேயர் என்ற பெயர் அந்நாளில் வழக்கிலில்லை. தலைவர் என்றே வழங்கினர். ஆயிரம் விளக்குப் பகுதியிலே ஒரு மாநகராட்சிப் பள்ளி. அங்கே படித்தவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். பள்ளி இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், பலகை இருக்கிறது. பிள்ளைகள் வருவதில்லை. வந்தவரும் பாதியிலே நின்றுவிடுகிறார்கள்.

ஏன்?

மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? ஏழைக்குக் கல்வியிலே ஆசையில்லை என்பார்கள். படிப்பு அவர்கள் இரத்தத்திலே இல்லை என்று சொன்ன அறிவாளிகளும் அந்நாளில் இருந்தார்கள். தியாகராயர் தொழில் நடத்தியவர். காரணம் எங்கே இருக்கிறது என்று தேடத் தெரிந்தவர். காரணம் வயிற்றிலே இருந்தது. காலையிலே பழையசோற்று நீரும் இல்லாமல் வந்த பிள்ளை நண்பகலுக்குள் சோர்ந்து போகும். வீட்டுக்குப் போனாலும் அங்கே உலை வைத்திருக்காது. அப்பா மூட்டை தூக்கப் போயிருப்பார், அம்மா வீட்டு வேலைக்குப் போயிருப்பார். அந்தப் பிள்ளையும் எங்காவது ஒரு கடையிலே கிளாசு கழுவினால் ஒரு வேளைச் சோறு கிடைக்கும். பள்ளியிலே இருந்தால் பட்டினி. பிள்ளை எங்கே போகும்?

ஆகவே தீர்மானம் வந்தது. ஆயிரம் விளக்குப் பள்ளியிலே படிக்கும் ஏழை மாணவர்களுக்குப் பகலிலே சிற்றுண்டி தருவது. செலவு, ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல்.

ஓர் அணா என்றால் இன்றைய இளந்தோழனுக்குத் தெரியாது. பதினாறு அணா சேர்ந்தது ஒரு ரூபாய். நூறு பிள்ளைகளுக்கு ஒரு நாள் சோறு போட ஆறு ரூபாய் நான்கு அணா. கோட்டையிலே ஒரு விருந்துக்கு ஆகும் செலவில் எத்தனை பள்ளிக்கு எத்தனை நாள் சோறு போடலாம் என்று கணக்குப் பார்த்தால் தலை சுற்றும்! அத்தனை சிறு தொகை. ஆனால் அந்தச் சிறு தொகைக்குள் ஒரு பெரிய கொள்கை ஒளிந்திருந்தது. பள்ளிக்கூடம் என்பது எழுத்து சொல்லிக் கொடுக்கும் இடம் மட்டுமே என்ற எண்ணத்தை அது உடைத்தது. பிள்ளையின் உடலுக்கும் அரசாங்கம் பொறுப்பு என்று அது சொல்லிற்று.

விளைவு என்ன? ஆயிரம் விளக்கோடு நிற்காமல் மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் பரவிற்று. இந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்ந்து 1922-23-ஆம் ஆண்டில் படித்த பிள்ளைகள் 811 பேர். 1924-25-ஆம் ஆண்டில் 1,671 பேர். இரண்டே ஆண்டில் இரு மடங்குக்கும் மேல்! அதே தெரு, அதே வீடுகள், அதே அப்பா அம்மா. ஏழைக்குக் கல்வியிலே ஆசையில்லை என்றவர்கள் வாயை ஓரணாச் சோறு அடைத்துவிட்டது.

வள்ளல் வேறு, தீர்மானம் வேறு

கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். பாடி வந்தோர்க்கு வாரி வழங்கியவன் என்று சங்கத் தமிழ் அவனைப் போற்றுகிறது. மலையடிவாரத்துத் தோழர்களுக்கு அவன் பெயர் வீட்டுப் பெயர் போல. அவனுடைய ஈகையை நாமும் போற்றுகிறோம். ஆனால் ஒன்று கேட்கிறேன். பாட்டுப் பாடத் தெரியாத ஏழை, அரண்மனை வாயிலுக்கு வழி தெரியாத ஏழை, வள்ளல் இறந்த பிறகு பிறந்த ஏழை, இவர்களுக்கு யார் கொடுப்பது?

தியாகராயரும் செல்வர். நினைத்திருந்தால் தம் சொந்தப் பணத்திலே நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, வாசலிலே பலகை மாட்டி, வள்ளல் என்ற பட்டத்தோடு நின்றிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல் மன்றத்திலே தீர்மானம் கொண்டுவந்தார். வரி கட்டும் மக்களின் பணத்திலிருந்து, சட்டப்படி, கணக்கு எழுதி, ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு ஏழைப் பிள்ளைக்கும். வாங்குகிற பிள்ளை யாரையும் வணங்க வேண்டியதில்லை. யாருடைய முகத்தையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை. அது அவனுக்குச் சேரவேண்டியது. ஈகையை உரிமையாக மாற்றினார் தியாகராயர். இலவசம், இலவசம் என்று இன்றைக்கும் ஏளனம் செய்வோர்க்கு இந்த வேறுபாடு விளங்குவதில்லை. பள்ளித் தட்டிலே விழும் சோறு, பெற்றோர் தீப்பெட்டிக்குக் கொடுத்த வரியிலிருந்து வந்த சோறு.

கணக்குப் புத்தகம் அணைத்த அடுப்பு

ஏழை உண்டால் பொறுக்காத உலகமல்லவா இது? வெள்ளை அரசாங்கத்தின் கண் அந்த ஓரணாவின் மேல் விழுந்தது. 1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொடக்கக் கல்விக்கென்று தனி நிதி உண்டு. அந்த நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவிடக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. கல்விக்கு வைத்த பணத்தைச் சோற்றுக்கு எடுக்கலாமா என்பது அவர்கள் வாதம். பிள்ளையே வராத பள்ளியிலே எந்தக் கல்வியை நடத்துவது என்பது நம் கேள்வி. 1925 ஏப்ரல் முதல் நாளோடு அடுப்பு அணைந்தது.

அதே 1925-ஆம் ஆண்டிலே தியாகராயரும் மறைந்தார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தியாகராயர் வெள்ளை ஆட்சியிடம் நம்பிக்கை வைத்தவர். உள்ளூர் ஆதிக்கத்திடம் கிடைக்காத நீதி அந்த ஆட்சியிடம் கிடைக்கும் என்று எண்ணியவர். அவர் நம்பிய அந்த ஆட்சியின் கணக்குப் புத்தகமே அவர் ஏற்றிய அடுப்பிலே தண்ணீர் ஊற்றிற்று. இதிலே நமக்குப் பாடம் உண்டு. நிதியை வேறொருவர் கையிலே வைத்துக்கொண்டு, நலத்திட்டத்தை நம் கையிலே வைத்துக்கொள்ள முடியாது. மாநிலத்துக்கு நிதி அதிகாரம் வேண்டும் என்று நாம் கேட்பது மேடை அலங்காரத்துக்காகக் கேட்பதல்ல. பிள்ளையின் தட்டுக்காகக் கேட்பது.

ஆயினும் மக்கள் ருசி கண்டுவிட்ட உரிமை சாவதில்லை. இரண்டாண்டு கழித்துச் சென்னையிலே சிறு அளவிலே சிற்றுண்டி மீண்டும் வந்தது. 1926-க்குப் பிறகு சட்டமன்றத்திலே டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் பள்ளிச் சிறுமியருக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று குரல் கொடுத்தார். 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாகாணமெங்கும் விரிந்தது. மாற்றுக் கட்சியின் ஆட்சிதான். நல்லதை நல்லதென்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாயிற்று. 1989-இல் கலைஞர் ஆட்சியில் வெறும் சோற்றோடு முட்டை சேர்ந்தது. முதலில் இரு வாரத்துக்கு ஒன்று, 2010-க்குள் வாரத்துக்கு ஐந்து. நாமக்கல்லின் கோழிப் பண்ணைகளுக்கும் தமிழகத்துப் பள்ளித் தட்டுகளுக்கும் இப்படித்தான் உறவு உண்டாயிற்று. 2001-இல் உச்சநீதிமன்றம் இந்தியா முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலே சமைத்த உணவு தரவேண்டும் என்று ஆணையிட்டது. 1920-இல் ஆயிரம் விளக்கிலே தொடங்கிய கொள்கை டில்லியை அடைய 81 ஆண்டு!

பின்பு 2022. முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள். அந்தப் பள்ளிகளில் மலைப் பகுதிகளையும் ஒதுக்குப் புறங்களையும் சேர்ந்தவை 237. 2023 ஆகஸ்ட் 25-ஆம் நாள் திருக்குவளையிலிருந்து மாநிலத்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. 2024-இல் சிற்றூர்களின் உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025-இல் நகரங்களின் உதவிபெறும் பள்ளிகளுக்கும் சென்றது.

அடுப்பு மட்டும் போதுமா?

தோழர்களே, தியாகராயர் வாழ்வைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டால் போதாது. அவர் கேட்ட கேள்வியை நாம் நம் ஊரிலே கேட்கவேண்டும். பிள்ளை பள்ளிக்கு வராமலிருக்க, வந்தும் படிக்க முடியாமலிருக்க, காரணம் என்ன?

சோறு ஒரு காரணத்தை நீக்கிற்று. வேறு காரணங்களும் உண்டு. வெறுங்காலோடு ஈர மண்ணிலே நடக்கும் பிள்ளையின் உடலிலே கொக்கிப் புழு ஏறுகிறது. குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. நாம் போடும் சோற்றிலே பாதி புழுவுக்குப் போனால் பிள்ளைக்கு என்ன மிச்சம்? அதற்காகத்தான் ஆண்டுக்கு இருமுறை பள்ளியிலே புழு நீக்க மாத்திரை கொடுக்கிறார்கள். வளரும் பெண்பிள்ளைக்கு இரத்தசோகை வந்தால் முகம் வெளுக்கும், படியேறினால் மூச்சு வாங்கும், பாடத்திலே மனம் நிற்காது. அதற்காகத்தான் வாரத்துக்கொருமுறை இரும்புச்சத்து மாத்திரை. கரும்பலகை தெரியாத பிள்ளையை மண்டு என்று ஏசி, பின் வரிசையிலே தள்ளி, கடைசியிலே படிப்பை விட்டு நிறுத்திய கொடுமை எத்தனை வீட்டிலே நடந்தது! ஒரு கண்ணாடி போட்டால் தீர்ந்திருக்கும் குறை அது. 2009-இல் கலைஞர் ஆட்சி பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பார்த்துக் கண்ணாடி கொடுத்ததன் பொருள் அதுதான். 2013 முதல் நாடு முழுவதும் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கும் ஏற்பாடும் உண்டு. இதயக் குறை, காது, பல், தோல், வளர்ச்சி என்று ஒவ்வொன்றாக.

இவையெல்லாம் ஏட்டிலே இருக்கின்றன. ஏட்டிலிருப்பது வீட்டுப் பிள்ளைக்கு வந்து சேர்ந்ததா? மாத்திரை வந்த நாளில் பிள்ளை பள்ளியில் இருந்ததா? வயிறு வலிக்கும் என்று பயந்து வீட்டார் வேண்டாமென்றார்களா? கண்ணிலே குறை என்று சீட்டு எழுதிக் கொடுத்தபின் நாமக்கல் ஆசுபத்திரிக்கு அழைத்துப் போக, ஒரு நாள் கூலியை இழக்க, அந்தத் தகப்பனால் முடிந்ததா? பெண்பிள்ளைகளின் கழிப்பறையிலே தண்ணீர் வருகிறதா? தண்ணீர் வராத கழிப்பறையும் ஒரு காரணம்தான், பெரிய வகுப்புக்குப் போனதும் பெண்பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிடுவதற்கு.

மலையின் கதை வேறு. கொல்லிமலைத் தோட்டங்களிலே ஒரு காலத்திலே சாமையும், தினையும், கேழ்வரகும் விளைந்தன. அதை உண்டு வளர்ந்த உடம்பு மலையேறும் உடம்பு. பின்பு மரவள்ளி வந்தது. சேகோ ஆலைக்குப் போனால் காசு கிடைத்தது. காசு வந்தது, சாமை போயிற்று. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து அங்கே சிறுதானியத்தை மீட்கப் பாடுபட்டதற்குக் காரணம் இதுவே. மலையிலே விளையும் சாமையை மலைப் பள்ளியின் தட்டுக்கே கொண்டுவந்தால் உழவனுக்கும் விலை, பிள்ளைக்கும் வலு. இது நடக்க முடியாத காரியமா?

உங்கள் கையிலே உள்ள மன்றம்

தியாகராயருக்கு நகராண்மை மன்றம் இருந்தது. நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதிலே நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். உள்ளாட்சியிலே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கும் அதிலே இடமுண்டு. தறிக்காரரும், லாரி ஓட்டுநரும், கோழிப்பண்ணைத் தொழிலாளியும் அங்கே உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். கேட்டதைத் தீர்மானமாக எழுதலாம். கிராம சபையிலே அதைப் படிக்கச் சொல்லலாம்.

எத்தனை தோழர்கள் அந்தக் கூட்டத்துக்குப் போகிறோம்? தேர்தல் என்றால் விடிய விடியச் சுவரெழுதுகிறோம். மாநாடு என்றால் வண்டி பிடிக்கிறோம். பள்ளிக் குழுக் கூட்டம் என்றால், அது பெண்கள் பார்த்துக்கொள்ளும் வேலை என்று தேநீர்க் கடையிலே உட்கார்ந்துவிடுகிறோம். தியாகராயர் நாற்பதாண்டு உட்கார்ந்தது சாக்கடையும் குழாயும் பேசும் மன்றத்திலே. அதிலிருந்துதான் நாடு போற்றும் ஒரு கொள்கை பிறந்தது. முதலமைச்சர் பதவியை வேண்டாமென்றவர், மாநகராட்சித் தலைவர் பதவியை விரும்பிச் செய்தார். ஏனென்று இப்போது விளங்குகிறதல்லவா?

கழகத் தோழன் ஒவ்வொருவனும் இந்தத் திங்களிலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தன் ஊர்ப் பள்ளிக்குப் போகவேண்டும். ஆசிரியரிடம் அன்போடு பேசவேண்டும், அதிகாரம் காட்டக்கூடாது. சமைக்கும் அம்மையாரிடம், அக்கா, சரக்கு ஒழுங்காக வருகிறதா, விறகா கேசா, தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று விசாரிக்கவேண்டும். மருத்துவக் குழு கடைசியாக வந்த நாள் எது, அவர்கள் குறை சொன்ன பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் ஆசுபத்திரிக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று ஒரு தாளிலே எழுதிக்கொள்ளவேண்டும். போகாத பிள்ளை ஒன்று இருந்தாலும், அந்த வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளையை அழைத்துச் செல்வது கட்சிப் பணி. கொடியேற்றுவதைப் போலவே கட்சிப் பணி.

சென்னை ரிப்பன் மாளிகையின் முன்னே தியாகராயர் சிலையாக நிற்கிறார். மாலையிட வேண்டிய நாளிலே மாலையிடுவோம். அவர் எழுதிய தீர்மானத்தின் மீதியை எழுதும் வேலை நம்முடையது. 1920-இல் ஓர் அணாவுக்கு ஒரு பள்ளியிலே முடிந்தது. உங்கள் ஊரிலே முடியாதென்று யார் சொல்லமுடியும்? அடுத்த பள்ளிக் குழுக் கூட்டம் என்றைக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அன்று கூலி போனாலும் போகட்டும். போய் உட்காருங்கள்.